கதிர்காமப் பாதயாத்திரை: கால் இழுத்துப் பிடித்தால்

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை போரால் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. இன்று உகந்தையைத் தாண்டி குமண, யால காட்டுவழியே நடப்பவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். வியர்வையில் அதிகம் போவது சோடியம். வெறுந்தண்ணீரையே அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் அது இன்னும் ஐதாகி தலையிடி, சத்தி, தடுமாற்றம் வரலாம். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியமே கூட, சோடியம் குறைவு. உப்பிட்ட மோரும் கஞ்சியும் அதைவிட உதவும் (நம் ஆச்சிமாருக்கு இது தெரிந்த வைத்தியம்).

ஜீவனிப் பொதியை அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரையுங்கள், பாதியாகப் பிரிக்காதீர்கள். பொதி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

பிடிப்புக்குக் களைத்த தசையும் காரணம். கெண்டைக்கால் இழுத்தால் உடனே இருந்து, காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும்.