சிவப்பு மையில் அடித்த ஒரு பெயர்

சென்ற மாதம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தாள். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருந்தாள். "சரியா இருக்குதான்னு பாருங்க ஐயா" என்றாள். இப்போது பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு கேட்கிறார்கள். அதைப் படித்ததும் பழைய கோப்பு ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. கல்வராயன் மலையோ, மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அரசு நிர்வாகத்துக்குள் முழுமையாக வந்ததே 1976-இல்தான். ரோடும் பள்ளிக்கூடமும் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல மலையேறின.

எண்பதுகளின் கடைசியில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் பால்வாடி வேலைக்கு வந்த மனுக்களைச் சரிபார்த்தேன். மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி கைநாட்டு வைத்து மனு கொடுத்திருந்தாள். சாமைக் கொல்லைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பல வருடங்களாகக் கூலியில்லாமல் பார்த்துக்கொண்டவள். படிப்புச் சான்று இல்லை. சிவப்பு மையில் பெயரை அடித்தேன். வேலை கிடைத்தது கீழ்நாட்டுப் பெண்ணுக்கு. நல்ல பெண்தான், ஆனால் பஸ் வராத நாட்களில் பால்வாடியும் திறக்கவில்லை.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. எடை அட்டையில் கோடு கீழே இறங்குவதைப் படிக்கத் தெரியாவிட்டால், பிள்ளை மெலிவது தெரியாமலே போகும். ஆனால் பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் சான்றிதழ் கேட்டால், அரசாங்கம் தாமதமாக வந்த குற்றத்துக்கு அந்தப் பெண்ணைத் தண்டிப்பதாகத்தானே ஆகும்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சிலும் வோஜ் என்ற மலைப்பகுதியில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரியார் ஒபெர்லேன் அங்கே சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். அதை நடத்தியவர்களில் ஒருவர் அவர் வீட்டு வேலைக்காரி லூயீஸ் ஷெப்ளர். அவருக்கு 1829-இல் பிரெஞ்சு அகாதெமி பரிசளித்துக் கௌரவித்தது. 1881-இல் அங்கேயும் சான்றிதழ் கட்டாயமானது.

நம் தமிழ்நாடு ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஏழ்மையிலும் தம் பிள்ளைகளை நோஞ்சானாக விடாமல் வளர்த்த உள்ளூர்த் தாய்மாருக்கு முன்னுரிமை தந்தார்கள். பிள்ளைகளை எடை போடவும் அட்டையில் குறிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. அட்டை பார்க்க ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஊரார் தம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கும் அந்த நம்பிக்கையை எந்தப் பயிற்சியிலும் கொடுக்க முடியாது.

விண்ணப்பத்தில் பிழை ஏதுமில்லை. வந்த பெண் மலையிலேயே பன்னிரண்டு வரை படித்தவள். சந்தோஷமாக இருந்தது. அவளிடம் அந்தக் கைநாட்டுக்காரியின் ஊரைச் சொல்லி விசாரித்தேன். அவளுக்குத் தெரியவில்லை.