வைக்கோல் பரணும் தலைமைக் கன்னியாஸ்திரியின் அறையும்

சாரா பாலியின் ‘விமன் டாக்கிங்’ (2022) படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குப் படம் முடிந்தும் தொண்டை அடைத்திருக்கும். இன்னொரு கட்சி, “பரணில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதானே?” என்று கேட்கும். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. 104 நிமிடப் படத்தில் பெரும்பகுதி பேச்சுதான். ஆனால் ஜான் பாட்ரிக் ஷான்லியின் ‘டவுட்’ (2008) படமும் பேச்சுதானே? அதிலும் பெண்கள், அதிலும் சபை, அதிலும் மூடிய அறை. அதைப் பார்த்தவர்களும் பிரிந்தார்கள். ஆனால் அவர்களைப் பிரித்த கேள்வி வேறு: பாதிரியார் குற்றம் செய்தாரா, இல்லையா?

‘டவுட்’ முதலில் மேடை நாடகம். 2004இல் நியூயார்க்கில் அரங்கேறி, அடுத்த ஆண்டே புலிட்சர், டோனி இரண்டையும் வாங்கியது. திருச்சபைக்குள் நடந்த பாலியல் குற்றங்களை பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்று 2002இல் அம்பலப்படுத்தியிருந்த சூடு அப்போது ஆறவில்லை. ஷான்லி கதையை 1964க்குக் கொண்டுபோய், தான் வளர்ந்த பிராங்ஸிலேயே ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் வைத்தார். தலைமைக் கன்னியாஸ்திரி அலோஷியஸுக்கு பால்பாயிண்ட் பேனாவே ஆகாது. பங்குக்கு வந்திருக்கும் ஃபிளின் பாதிரியாரோ கலகலப்பானவர். பள்ளியின் ஒரே கறுப்பினச் சிறுவனிடம் அவர் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று அலோஷியஸ் முடிவுகட்டிவிடுகிறார். கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

அலோஷியஸின் அறையில் நடக்கும் காட்சியைப் பாருங்கள். ஃபிளின் உள்ளே வந்ததும் அலோஷியஸின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். தேநீருக்குச் சர்க்கரை உண்டா என்கிறார். தவக்காலத்தில் விட்ட சர்க்கரையை அலோஷியஸ் திரும்பத் தொட்டதேயில்லை. மேசை இழுப்பறையைத் துழாவித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை கட்டி? மூன்று. குற்றச்சாட்டு இன்னும் வாயைவிட்டு வரவில்லை. அதற்குள் யார் மேலே, யார் கீழே என்பது முடிந்துவிட்டது. பாதிரியார்மேல் சந்தேகம் வந்தால் கன்னியாஸ்திரி மூத்த குருவிடம்தான் சொல்ல வேண்டும். அந்த மூத்த குரு யார் பக்கம் நிற்பார் என்பது அலோஷியஸுக்குத் தெரியும்.

‘விமன் டாக்கிங்’கில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பொலிவியாவில் மானிட்டோபா காலனி என்ற, மென்னனைட் கிறிஸ்தவப் பிரிவினரின் குடியிருப்பில் 2005 முதல் 2009 வரை நடந்தது இதன் வேர். மாடுகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தை ஜன்னல் வழியாகத் தெளித்து, உறங்கிய பெண்களையும் சிறுமிகளையும் அந்த ஊர் ஆண்களே சிதைத்தார்கள். பேயின் வேலை என்றார்கள், பெண்களின் கற்பனை என்றார்கள். 2011இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. கனடாவில் ஒரு மென்னனைட் ஊரில் வளர்ந்த மிரியம் டேவ்ஸ் இதிலிருந்து 2018இல் நாவல் எழுதினார். பெண்களைப் பழிக்க வீசிய ‘கற்பனை’ என்ற சொல்லை அவர் அப்படியே எடுத்து, இது பெண்களின் கற்பனைதான் என்று முகப்பிலேயே சொல்லிவிட்டார். பாலியும் படத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

படத்தில், பிடிபட்டவர்களுக்கு ஜாமீன் வாங்க ஆண்கள் நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பெண்கள் வைக்கோல் பரணில் கூடி முடிவெடுத்தாக வேண்டும்: சும்மா இருப்பதா, இருந்து சண்டை போடுவதா, கிளம்பிவிடுவதா. எழுதப் படிக்கத் தெரியாததால் படம் வரைந்து வாக்களிக்கிறார்கள். தாக்கியவர்களை மன்னிக்காவிட்டால் மோட்சம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வற்புறுத்தி வாங்கும் மன்னிப்பு மன்னிப்பாகுமா, அது இன்னொரு முறை செய்ய அனுமதி கொடுத்ததாகிவிடாதா என்பதுதான் அவர்கள் சுற்றிச் சுற்றி வரும் இடம். கடவுளை அவர்கள் விடவில்லை. நடுநடுவே கூடிப் பாடுகிறார்கள். தாக்குதலில் பல் உடைந்து, பொருந்தாத பல்செட்டோடு அவதிப்படும் கிழவி கிரேட்டா, தன் குதிரைகளை ஓட்டிப்போகும்போது தனக்கிருந்த பயத்தைப் பற்றிச் சொல்கிறாள். கண்ணைத் தூரத்துச் சாலையில் வைத்த பிறகு பயம் போய்விட்டதாம். அவசர முடிவுக்கு நடுவே குதிரைக் கதையா என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. எனக்குப் படம் தன் கால்களை ஊன்றிக்கொள்வது அங்கேதான்.

புகார்களில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வண்ணத்தை அப்படி வெளுத்திருக்க வேண்டாம். வாழ்கிற ஊர் பழைய புகைப்படமாகிவிடுகிறது. எழுத்தறியாதவர்கள் இப்படியெல்லாம் வாதாடுவார்களா என்ற புகாரை ஏற்க மாட்டேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிமார் சொத்துத் தகராறில் பேசியதைக் கேட்டவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்.

உண்மையில் சிக்கல் பேச்சின் அளவில் இல்லை. ‘டவுட்’டின் பேச்சு மல்யுத்தம். இருவர் மோதுகிறார்கள், பார்ப்பவர் நீதிபதி நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். பட்டிமன்றத்தில் ஊறிய நமக்கு அந்த ருசி சொல்லித்தர வேண்டியதில்லை. பரணில் நடப்பது கலந்துபேசுதல். ஒருத்தி தான் சொன்னதை அரைமணி கழித்து மாற்றிக்கொள்கிறாள், இன்னொருத்தி கத்திவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். குற்றத்தில் ஐயமில்லை என்பதால் நீதிபதிக்கு வேலையே கிடையாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்கர் பட்டியலைப் பார்த்தாலும் இதே கதைதான். ‘டவுட்’டில் மெரில் ஸ்ட்ரீப், ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன், ஏமி ஆடம்ஸ், வயோலா டேவிஸ் என நால்வர் நடிப்புக்கும் பரிந்துரை. ‘விமன் டாக்கிங்’ சிறந்த படத்துக்கான பட்டியலில் இருந்தும், நடித்த ஒருவர் பெயர்கூட வரவில்லை. கிடைத்தது தழுவல் திரைக்கதைக்கான விருது. ‘பெண்கள்’, ‘பேசுவது’ என்ற இரண்டு சொல்லையும் இவ்வளவு பக்கத்தில் வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாததற்கு நன்றி என்று மேடையில் பாலி கிண்டலடித்தார்.

இரண்டு கட்சியும் அதிகம் பேசி நான் கேட்காத ஓர் இடம் உண்டு. அலோஷியஸ், ஃபிளினின் பழைய பங்குக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்துவிட்டதாகப் பொய் சொல்லித்தான் அவரை வெளியேற்றுகிறார். அவரோ இன்னும் பெரிய பங்குக்கு மாற்றலாகிப் போகிறார். பனி கிடக்கும் தோட்டத்து பெஞ்சில் அலோஷியஸ் உடைந்து அழுவதோடு படம் முடிகிறது. ‘விமன் டாக்கிங்’கிலோ, பரணில் பேசிய பெண்களில் ஒருத்தியான சலோமே, கூட வர மறுத்த தன் மகனை வண்டியில் ஏற்ற, பெண்கள்மேல் தெளித்த அதே மயக்க மருந்தை எடுக்கிறாள். அவளுக்கு உட்கார்ந்து அழ பெஞ்ச் இல்லை. வண்டிகள் வரிசையாகக் கிளம்பிவிடுகின்றன.