தண்டபாணியின் மௌனம்

தி. ஜானகிராமனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் யமுனாவுக்கு வந்துவிடுவோம். அடுத்து அலங்காரம். அப்புறம் காவிரி, காபி, கும்பகோணத்துச் சங்கீதம். அவருடைய ஆண்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே வராது. எனக்கு இப்போது அவர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள்.

'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்து, 1964இல் புத்தகமானது. கதை நடப்பது அதற்கும் முந்தைய தஞ்சாவூர் ஜில்லாவில். யமுனாவின் அம்மா மராட்டியப் பெண். அப்பா பிராமணர், அவருக்கு வேறொரு குடும்பமும் உண்டு. இது கதைக்காகச் சேர்த்த விசித்திரம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை தஞ்சாவூரில் மராட்டிய அரசு இருந்தது. அரசு போனது, மனிதர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு குடும்பம் வைத்துக்கொள்வதும் அன்றைக்கு ஒரு இந்து ஆணுக்குக் குற்றமில்லை. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது. நாடு முழுக்க 1955இல்.

ஆக, அந்தத் தலைமுறைக்கு ஆண்மை என்றால் நிலமும் வசதியும் இரண்டு வீடும். அவர் செத்ததும் இரண்டாவது வீட்டின் சோறு முதல் வீட்டின் தயவுக்கு வந்துவிடுகிறது. யமுனாவுக்கு வரன்கள் தட்டிப்போகின்றன. ஜானகிராமன் இதையெல்லாம் காதல் கதையின் பின்னணிபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு அதுதான் கதை.

பாபு அடுத்த தலைமுறை. அவனுக்கு அதிகாரம் வேண்டாம், ஆராதனை போதும். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை அம்பாளாக வைத்துப் பார்க்கிறான். ஆனால் பக்கத்து வீட்டில், கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட தங்கம்மா அவனைத் தேடி வருகிறாள். ஒருமுறை இணங்குகிறான், பிறகு விலக்குகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். நாவல் பாபுவின் குற்ற உணர்ச்சியைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கிறது. தங்கம்மாவுக்குக் கிடைக்கும் இடமோ ரொம்பக் குறைச்சல். ஆசைப்பட்ட பெண்களை இவ்வளவு மரியாதையாக எழுதியவர் இவளை மட்டும் ஏன் இப்படி அவசரமாக அனுப்பிவைத்தார் என்று எனக்குக் கோபமே வரும். பாபுவின் தவிப்புக்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

'அம்மா வந்தாள்' நாவலில் (1966) அந்த அவசரம் இல்லை. தண்டபாணி படித்தவர், வேதாந்தம் பேசுகிறவர், ஜோசியம் தெரிந்தவர். வீட்டுக்கு வந்துபோகும் சிவசு யார் என்பதும், தன் குழந்தைகளில் சிலர் தன்னுடையவர்கள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அரிவாள் எடுக்கவில்லை. மனைவியைத் துரத்தவுமில்லை. நம் சினிமாவாக இருந்தால் இடைவேளைக்குள் யாராவது செத்திருப்பார்கள்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிடலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. குடும்பத்தின் பெயர் கெடாமல் இருக்க அவருக்கும் அந்த மௌனம் தேவை. அவருடைய ஞானத்துக்குள் கோழைத்தனமும் கலந்திருக்கிறது. எது எவ்வளவு என்று ஜானகிராமன் பிரித்துக் காட்டுவதில்லை.

பிராயச்சித்தம் முழுக்க அலங்காரத்தின் தலையில் விழுகிறது. தன் பாவம் தீர அப்புவை வேதம் படிக்க அனுப்பியவள் அவள். அவனோ பாடசாலையில் வளர்ந்த விதவைப் பெண் இந்துவோடு அங்கேயே தங்கிவிடுகிறான். அவள் காசிக்குக் கிளம்புகிறாள். தண்டபாணி மெட்ராஸில், அதே வீட்டில் இருக்கிறார்.