மூன்று தாடைகளும் ஒரு மையமும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் தம் திருமண அழைப்பிதழோடு வீட்டிற்கு வந்திருந்தார். கிள்ளான் பகுதியில் ஒரு கடைசல் பட்டறையில் பணிபுரிகிறார். செம்பனை ஆலைகளில் தேய்ந்துபோன தண்டுகளுக்கும் உருளைகளுக்கும் மாற்றாகப் புதியவற்றைக் கடைந்து கொடுப்பது அவர் வேலை. தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, நீராவி இயந்திரம் என்றால் ஜேம்ஸ் வாட், மின்விளக்கு என்றால் எடிசன் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நான் நாள்தோறும் கையாளும் லேத் சக்கைக் கண்டுபிடித்தவர் யார்? என்னிடம் வேலை பழகும் பையன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.”

எனக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு நான் தரவேண்டிய விடையே இந்தக் கட்டுரை. அவருக்கு நான் பட்டிருக்கும் பழைய கடன் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

சக் என்பது யாது?

பட்டறைக்குள் சென்றிராத பெற்றோர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பென்சில் சீவும்போது அலகு அசையாமல் நிற்கிறது, பென்சில்தான் சுழல்கிறது. கடைசல் இயந்திரமும் அப்படியே. இரும்புத் துண்டு சுழலும். உளி ஓரிடத்தில் நின்று மெல்ல நகர்ந்து அதனைச் செதுக்கும். பென்சிலை நம் விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நிமிடத்தில் பல நூறு சுற்றுச் சுழலும் இரும்பை எது பிடித்துக்கொள்வது? இயந்திரத்தின் சுழல்தண்டு முனையில் பொருத்தப்பட்ட கனத்த இரும்பு வட்டு ஒன்று பிடித்துக்கொள்கிறது. அதன் முகத்தில் உள்நோக்கியும் வெளிநோக்கியும் நகரும் தாடைகள் உள்ளன. அதுவே சக். தமிழில் கவ்வி எனலாம்.

பிடி தளர்ந்தால் இரும்பு பறக்கும். பிடி மையம் தப்பினால் கடைந்த தண்டு பயன்படாது. ஆகவே, உளி தொடுவதற்கு முன்பே வேலையின் பாதி இங்கு முடிவாகிவிடுகிறது.

கடைதல் என்னும் சொல்

தயிர் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டிற்கும் ஒரே வினைச்சொல் வழங்குவதை நான் பல ஆண்டுகள் கவனித்ததே இல்லை. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கைகளாலும் மாறி மாறி இழுக்கிறோம். மத்து முன்னும் பின்னும் சுழல்கிறது. பழங்காலக் கடைசல் கருவியும் இதே முறையில்தான் இயங்கியது. எகிப்தில் தூனா எல்-கெபல் என்னுமிடத்தில் பெட்டோசிரிஸ் என்ற குருவின் கல்லறை உள்ளது. கி.மு. 300-ஐ ஒட்டிய அக்கல்லறையின் சுவர்ச் சிற்பத்தில் ஒருவர் வாரை இழுத்துக் கட்டையைச் சுழற்றுகிறார். மற்றொருவர் உளியைப் பிடித்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் சிறுமியர் விளையாடும் மரச் சொப்புச் சாமான்கள் உருவாவதும் கடைசல் தொழிலால்தான். ஆகவே, இது நம் மொழிக்குப் புதிய தொழில் அன்று.

பழைய கருவியில் கட்டையின் இரு முனைகளையும் இரண்டு கூர்களுக்கு இடையே இறுக்கினார்கள். மேசைக்கால், கட்டில்கால் போன்றவற்றிற்கு அது போதும். கிண்ணம் செய்ய வேண்டுமானால் என்ன செய்வது? கிண்ணத்தின் உட்பகுதியைக் குடைய ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டுமே! அக்காலத்து ஐரோப்பியக் கைவினைஞர் கிண்ணத்தின் நடுவே ஒரு தண்டை மிச்சம் விட்டுச் சுற்றிலும் குடைந்து, இறுதியில் அத்தண்டை உடைத்தெடுத்தனர். ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையை முழுவதும் திறந்து வைக்கும் கருவி தேவைப்பட்டது. சக்கின் கதை அத்தேவையிலிருந்து தொடங்குகிறது.

கட்டையாக இருந்த காலம்

முதலில் அது வெறும் மரக்கட்டைதான். கட்டையில் குழி குடைந்து, செய்யவேண்டிய பொருளை அக்குழிக்குள் தட்டி இறுக்கினார்கள். ஆங்கிலத்தில் ‘சாக்’ என்பது முட்டுக்கட்டையைக் குறிக்கும் சொல். 1703-ஆம் ஆண்டு நூலொன்றில் கடைசல் தண்டில் திருகிப் பொருத்தும் கட்டைகள் அப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. அடுத்த நூறு ஆண்டுகளில் அது ‘சக்’ என மருவி நிலைத்துவிட்டது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வோர் அளவிற்கும் ஒரு கட்டை வேண்டும். பத்து அளவென்றால் பத்துக் கட்டைகள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பொருள்கள் செய்யும் கைவினைஞருக்கு இது பெரிய சுமையாக இருந்திராது. ஆனால் 1800-ஐ ஒட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே போன்றோர் உளியைக் கையிலிருந்து விடுவித்து, நகரும் இரும்புத் தாங்கியில் பொருத்தினர். இரும்பில் துல்லியமாகத் திருகு வெட்ட முடிந்தது. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரமாகக் கடைசல் இயந்திரம் வளர்ந்தது. அதன் பிறகு, பொருளைப் பிடிப்பதற்கே நேரம் போய்க்கொண்டிருந்தால் பட்டறை எப்படி நடக்கும்?

மூன்று புள்ளிகளின் கணக்கு

1819-ஐ ஒட்டி இலண்டனில் கலை, உற்பத்தி, வணிகம் ஆகியவற்றை ஊக்குவிக்கும் கழகம் அலெக்சாண்டர் பெல் என்பவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் பத்துக் கினியும் வழங்கியது. தொலைபேசியோடு தொடர்புடைய பெல் பிறந்தது 1847-இல், இவர் வேறொருவர். மாணவர்கள் குழம்பக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன். இவருடைய கருவியின் முகத்தில் சமபக்க முக்கோணமாக மூன்று முளைகள் இருந்தன. மூன்றும் ஒரே அளவில் மையத்தை நோக்கி நகரும். ஒரே அளவில் விலகும்.

ஏன் மூன்று? ஒரு நேர்க்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு வட்டந்தான் வரைய முடியும். மூன்று தாடைகளும் மையத்திலிருந்து சம தொலைவில் நின்றால், அவற்றிடையே சிக்கிய உருளையின் மையம் வேறெங்கும் போக முடியாது. நாம் கணித வகுப்பில் சொல்லிவிட்டு மறந்துபோகும் செய்தியை ஒருவர் இரும்பில் செய்து காட்டியிருக்கிறார்.

இன்று பட்டறைகளில் நாம் காணும் வடிவத்திற்கு உரியவராகச் சொல்லப்படுபவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் (1792–1857). 1840-இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருடைய மருமகனான ஆஸ்டின் குஷ்மன் (1830–1914) அக்கருத்தை மேலும் செப்பனிட்டு, 1862 அளவில் ஹார்ட்ஃபர்ட் நகரில் தம் பெயரிலேயே சக்குகளை விற்கத் தொடங்கினார்.

அந்த வட்டாரத்தில் இது வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ஹார்ட்ஃபர்டில் கோல்ட் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை 1855-இல் எழுந்தது. ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொரு துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது அவற்றின் குறிக்கோள். ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் கடைய வேண்டிய இடத்தில் விரைவாகப் பிடித்து விரைவாக விடும் கருவிக்கு மதிப்புக் கூடியது. நம் செம்பனை ஆலைக்குத் தண்டு கடைந்து தரும் கருவியின் வளர்ச்சியில் போர்க்கருவித் தொழிலுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க இயலாது.

கொசுவர்த்திச் சுருள்

ஒரே சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன? வட்டின் உள்ளே ஒரு தட்டு இருக்கிறது. அதன் பின்புறம் பல்சக்கரம். சாவி அதனைச் சுழற்றும். முன்புறம் கொசுவர்த்திச் சுருளைப் போன்ற ஒரு வரிப்பள்ளம். அச்சுருளில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரே இடைவெளி இருப்பதைப் பாருங்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்து எழுதிய சுருள் அதுதான். தாடைகளின் முதுகிலுள்ள பற்கள் அப்பள்ளத்தில் அமர்ந்திருக்கின்றன. தட்டு சுழலச் சுழல, தாடைகள் மூன்றும் ஒரே அளவு உள்ளே வருகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் தாடையிலிருந்து அடுத்த தாடைக்குச் செல்வதற்குள் சுருள் மூன்றில் ஒரு சுற்று நகர்ந்துவிடும். அதற்கேற்ப ஒவ்வொரு தாடையின் பற்களும் சற்றே தள்ளி வெட்டப்பட்டிருக்கும். ஆகவே தாடைகளில் 1, 2, 3 என எண் பொறித்திருப்பார்கள். வரிசை மாற்றிச் செருகினால் மூன்றும் மையத்தில் கூடமாட்டா.

நான்கு தாடைச் சக்

மூன்று தாடைச் சக் விரைவானது. ஆனால் உருண்டையான பொருளையும் அறுகோணப் பொருளையுந்தான் அது நன்றாகப் பிடிக்கும். சதுரம், நீள்சதுரம், வார்ப்பில் வந்த கோணல்மாணலான துண்டு ஆகியவற்றை அதில் சரியாக வைக்க முடியாது. தேய்ந்த சக்கானால் மையமும் ஒரு தலைமயிரின் தடிமன் அளவுக்கு விலகக்கூடும்.

அவற்றிற்காக நான்கு தாடைச் சக் இருக்கிறது. நான்கு தாடைகளுக்கும் தனித்தனித் திருகு; ஒன்றை நகர்த்தினால் மற்றது அசையாது. என் மாணவர் அதனை விளக்கிய விதம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. “பொருளைப் பிடித்து, மெதுவாகச் சுழலவிட்டு, பக்கத்தில் சுண்ணக்கட்டியை நீட்ட வேண்டும் ஐயா. எந்தப் பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறதோ அந்தப் பக்கத்தில் கோடு விழும். இயந்திரத்தை நிறுத்தி, எதிர்ப்பக்கத் தாடையைச் சற்றுத் தளர்த்தி, கோடு விழுந்த பக்கத்தை இறுக்க வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி கோடு விழும் வரையில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் டயல் கேஜ் வைத்து நூறில் ஒரு மில்லிமீட்டர் வரையில் சரிபார்ப்போம்.”

முப்பது ஆண்டுகளாக நான் கையில் வைத்திருக்கும் சுண்ணக்கட்டிக்கு இப்படியொரு பயன் இருப்பது எனக்குத் தெரியாது.

சாவியை மறந்தால்

அவருடைய இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது. வேலை பழகிய புதிதில், வேறொரு பட்டறையில், யாரோ சக்கிலேயே சாவியை விட்டுவிட்டு இயந்திரத்தை முடுக்கியதன் விளைவு. கனத்த இரும்புச் சாவி கல்லெறிபோல் பறந்து வந்திருக்கிறது. கண் தப்பியது. தம்மிடம் பழகும் பையனுக்கு அவர் கற்பிக்கும் முதல் பாடம், சாவி கையில் இருக்க வேண்டும் அல்லது அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே. கையை எடுத்தவுடன் தானே வெளியே துள்ளும் வில் பொருத்திய சாவிகளும் இன்று உள்ளன.

துளையிடும் இயந்திரத்தின் சக்கிற்கும் இப்படியொரு கதை உண்டு. ஹார்ட்ஃபர்டில் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் சக்கை இறுக்கும்போது விரல் முட்டிகளை அடிபடுத்திக்கொண்டதாகவும், அதன் பிறகே புதிய வகையை வடிவமைத்ததாகவும் சொல்வர். 1902-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பல் வைத்த சாவியால் இறுக்கும் அவ்வகைச் சக் இன்று பலர் வீட்டுத் துளைக்கருவியிலும் இருக்கிறது.

ஆகவே, மாணவரின் கேள்விக்கு விடை ஒரு பெயரில் அடங்கவில்லை. கட்டையில் குழி குடைந்த பெயர் தெரியாத கைவினைஞர், பதக்கம் பெற்ற பெல், ஃபேர்மன், அவருடைய மருமகன், விரல் நொந்த ஜேக்கப்ஸ் எனப் பலர் சேர்ந்த வரிசை அது. பாடநூலில் ஒரு வரியில் சொல்ல முடியாததால்தான் இவர்கள் பாடநூலுக்குள் வரவில்லையோ என்று தோன்றுகிறது.

பழைய கடன்

அப்போது ஆறாம் ஆண்டின் இறுதியில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது; 2021-இல்தான் அது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு முடிவுகள் வந்த நாளில் இந்த மாணவரின் தாயார் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வேலை உடையோடு வந்து என் முன் நின்றார். மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். “இவனுக்குப் படிப்பு ஏறாதும்மா. பின்னால் ஏதாவது பட்டறையில் சேர்த்துவிடுங்கள்” என்றேன். அந்தத் தாய் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. பட்டறை என்ற சொல்லை ஒரு தண்டனையைப் போல் உச்சரித்திருக்கிறேன்.

அன்று வீட்டில் அவர் விடைபெறும்போது நான் அதனைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே, “நீங்கள் சொன்னபடிதான் ஐயா பட்டறைக்குப் போனேன். நல்ல வழி காட்டினீர்கள்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மனமாரத்தான் சொன்னார். என்னால் மறுமொழி கூற முடியவில்லை.

என் வகுப்பறையை நான் இத்தனை காலமும் மூன்று தாடைச் சக்காகவே நடத்தியிருக்கிறேன். ஒரே திருப்பு, எல்லாரும் சேர்ந்து மையத்திற்கு வர வேண்டும். உருண்டையாக வந்த பிள்ளைகள் நன்றாக அமர்ந்தார்கள். அமராதவர்களைப் பொருள் சரியில்லை என்று ஒதுக்கினேன். தாடையைத் தளர்த்தி, சுண்ணக்கட்டியை நீட்டி, திரும்பத் திரும்பப் பார்க்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. ஆசிரிய நண்பர்களே, நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பெற்றோர்களே, தொழிற்கல்விக்குப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் ஏன் உறவினரிடம் மறைக்கிறோம்?

பள்ளி திறந்த பிறகு அவரை அழைத்திருந்தேன். கழித்துப்போட்ட மூன்று தாடைச் சக் ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தார். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையில் அதனை மேசைமேல் வைத்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரு கைகளாலும் சாவியைத் திருப்பினாள். தாடைகள் மெல்ல நகர்ந்து நடுவில் வைத்திருந்த என் சுண்ணக்கட்டியைக் கவ்வின.

“மூன்றும் எப்படி ஒன்றாக வருகின்றன, ஐயா?” என்று அவள் கேட்டாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் கடைசி வரிசைக்குச் சென்று அமர்ந்துகொண்டேன்.