மண்ணெண்ணெயில் ஓடிய மைனர்

மொறிஸ் மைனரை அபூர்வமான கார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்து விற்கப்பட்ட வண்டி அது. பத்து இலட்சமாவது கார் வெளிவந்ததைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் 350 மட்டும் செய்தார்கள்; எண்ணிக்கையில் அரிதென்றால் அவைதான். அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தின் சாதாரண மைனருக்கும் ஒஸ்ரின் ஏ40க்கும் இன்று ஆள் தேடி வருகிறார்கள். தொழிற்சாலை அளந்து செய்வதால் வரும் அருமையைவிட, ஓர் ஊர் விடாமல் ஓட்டிக் காப்பாற்றியதால் வரும் அருமை உறுதியானது என்பதற்குக் குடாநாடு நல்ல சான்று. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் தெற்கில் யப்பான் வண்டிகள் பெருகி, ஆங்கிலக் கார்கள் பழைய இரும்பாயின. போரில் சிக்கிய வடக்கில் 1990இல் வந்த பொருளாதாரத் தடை பெற்றோலையும் பற்றரியையும் உதிரிப்பாகங்களையும் நிறுத்தியது. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்களோ மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணை எரிக்கும், எஞ்சின் எண்ணெய் சீக்கிரம் நீர்த்துப்போகும். ஆனாலும் வண்டி ஓடியது.

36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018இல் 4.8 கோடி டொலருக்கு ஏலம் போகவில்லையா என்று கேட்கலாம். போனது. ஆனால் அதுவும் பந்தயத்துக்கென்று பிறந்து, பந்தயத்தில் அடிபட்டு, ஒரு காலத்தில் பழைய பந்தயக் காரின் விலைக்கே கைமாறிய வண்டி. இன்று எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்து விற்கும் கார்கள் பிளாஸ்ரிக் உறைக்குள் தூங்கப் போகின்றன; அவற்றின் எண் வியாபாரியின் எண். யாழ்ப்பாணத்து விலையும் வெறும் தட்டுப்பாட்டு விலைதானே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் நாடெங்கும் பழைய யப்பான் கார்களும் விலையேறியதைக் கண்டோம். தட்டுப்பாட்டு விலையென்றால் பாதை திறந்ததும் விழவேண்டும். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்தபோது குடாநாட்டுக்குப் புதிய வண்டிகள் வந்தன. ஆனாலும் பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து வாங்குவோரும் வந்தார்கள். தடைக்காலத்தில் ஒட்டுப்போட்ட பாகங்களால் அசல்தன்மை கெட்டது என்று சேகரிப்பாளர் விலையைக் குறைக்கலாம், அவர்களின் கணக்கு அப்படி. என் கணக்கில், ஒட்டுக்களை அகற்றிப் புத்தம்புதிதாக்கிய மைனர் பதினாறு இலட்சத்தில் ஒன்று மட்டுமே.