செயின்சாவும் ஒரு திருப்புளியும்

நம்மூர்ல முருங்கைக் கிளையை அரிவாளால வெட்டிப் பழகின எனக்கு, சிம்லா பக்கம் வேலைக்கு வந்தப்புறம்தான் செயின்சாவே அறிமுகம். ஆப்பிள் தோட்டம் வச்சிருக்கிற எங்க வீட்டுக்காரர் (சாச்சாஜின்னு கூப்பிடுவோம்) போன குளிர்ல, பனி பாரத்துல முறிஞ்ச கிளையை அறுத்துட்டு இருந்தார். திடீர்னு செயின் கழண்டு வந்து முட்டிக்கு மேல அடிச்சது. பேண்ட் கிழிஞ்சதோட போச்சு. சாச்சி அன்னிக்குப் பூரா அவரோட பேசல!

காரணம் என்னன்னு பிரிச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழங்கதை.

செயின்சாவோட மூதாதை மரம் அறுக்கப் பிறக்கலை, எலும்பு அறுக்கப் பிறந்தது. 1830 வாக்கில் ஜெர்மனியில பெர்ன்ஹார்ட் ஹைனே செஞ்ச கருவியில கைப்பிடியைச் சுத்தினா, ஒரு தகட்டைச் சுத்திப் பல்லுள்ள சங்கிலி ஓடும். மரத்துக்கு வந்தது ரொம்பப் பின்னாடி. 1926ல ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சார ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே எமில் லெர்ப், துரிங்கியாவில் இருக்கிற டோல்மார் மலையில பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கற எடை! அந்த மலைப் பேரே கம்பெனிக்குப் பேராச்சு.

1946ல அமெரிக்காவின் ஓரிகன்ல ஜோ காக்ஸ்னு ஒருத்தர், மரத்தைத் துளைக்கிற வண்டுப் புழு இடதும் வலதுமா மாத்தி மாத்திக் கடிக்கிறதைக் கவனிச்சார். அதே மாதிரி இடம் வலமாப் பல் வச்சு செயின் செஞ்சார். இன்னிக்கும் நாம வாங்கற செயின் அந்த வம்சம்தான்.

எஞ்சின் மாறிச்சு, பல் மாறிச்சு, எடை குறைஞ்சது. ஒரே ஒரு தொல்லை மட்டும் போகலை. ஓடும்போது செயின் சூடாகி நீளும், தேய்ஞ்சாலும் தொய்யும். தொய்ஞ்சா பாரை விட்டுக் கழண்டுடும். இதுக்குப் பழைய வைத்தியம் ரொம்ப எளிமை. பாருல ஒரு ஓட்டை, அதுல நுழையற ஒரு சின்ன முளை, முளையைத் தள்ள ஒரு ஸ்குரூ. நட்டைத் தளர்த்தி, பார் நுனியைத் தூக்கிப் பிடிச்சு, திருப்புளியால ஸ்குரூவைத் திருகி, மறுபடி நட்டை முடுக்கணும்.

"தோட்டத்துல திருப்புளிக்கு எங்கே போறது?"ன்னு யோசிச்சுதான் கையாலேயே திருகற சக்கரம் வச்சாங்க. ஆத்திர அவசரத்துக்கு நல்ல வசதி. சாச்சாஜியோடதும் அந்த ரகம். ஆனா மூடியைக் கழட்டினா, எண்ணெயில ஊறின மரத்தூள் சக்கரத்துப் பல்லுல களிமண் மாதிரி அப்பிக் கிடந்தது. சக்கரம் இறுகி நின்னுச்சு, செயின் இறுகலை. கைக்குத் தெரிஞ்சது ஒண்ணு, உள்ளே நடந்தது இன்னொண்ணு.

அதே மாடல் பழைய முறையிலும் விக்கறதால உதிரிபாகம் கிடைச்சது. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தோம். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கினோம், கையுறை போட்டோம். சக்கரம் வச்ச மூடியும் பாருல மாட்டியிருந்த வட்டத் தகடும் வெளியே. ஸ்குரூ, முளை, புது மூடி, நட்டு உள்ளே. செயின் பாரோட அடியில ஒட்டி நிக்கணும், ஆனா கையால இழுத்தா வழுக்கிட்டு ஓடணும். அதுதான் சரியான அளவு. வேலை முடிஞ்சதும் கொஞ்சம் தளர்த்தி வைக்கணும். சூட்டுல இறுக்கினது ஆறும்போது சுருங்கி எஞ்சின் தண்டை இழுக்கும்.

புது ஏற்பாடு மோசம்னு நான் சொல்லலை. தினம் துடைச்சு வச்சா அதுவும் உழைக்கும். ஆனா ஸ்குரூ முறையில ஒவ்வொரு தடவையும் நின்னு, எஞ்சினை அணைச்சு, செயினைத் தொட்டுப் பார்த்தே ஆகணும். அந்த ரெண்டு நிமிஷ தாமதம்தான் காலைக் காப்பாத்துதுன்னு தோணுது.

இப்போ சாச்சாஜி சட்டைப் பையில எப்பவும் ஒரு திருப்புளி இருக்கு. அது இருக்கான்னு பார்த்துட்டுதான் சாச்சி அவரைத் தோட்டத்துக்கே விடறாங்க :-)