ஐந்தாண்டுப் பூட்டு

பள்ளியில்லா ஊர்கள் உலகில் பல உண்டு. வறுமையால் பள்ளி கட்ட இயலாத நாடுகள் உண்டு. போர் மூண்டு பள்ளி இடிந்த நகரங்கள் உண்டு. வெள்ளம் வந்து வாரிச் சென்ற பள்ளிகளும் உண்டு. ஆனால், கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தனர், வரி செலுத்த மக்கள் இருந்தனர், படிக்கப் பிள்ளைகள் இருந்தனர், எல்லாம் இருந்தும், "இந்தப் பிள்ளைகளுடன் எங்கள் பிள்ளைகள் சரிசமமாக உட்காருவதா?" என்று கேட்டு, ஒரு வட்டாரத்தின் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்துப் பூட்டி, சாவியை ஐந்தாண்டுக் காலம் இடுப்பிலே செருகிக்கொண்ட ஆட்சி எங்கேனும் உண்டோ? உண்டு என்கிறது வரலாறு. அதுவும், விடுதலைக்குச் சிலை எடுத்த அமெரிக்க நாட்டில்! இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்!

வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில், புகையிலை விளையும் செம்மண் நிலத்தில் அமைந்தது பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்தினுள் அடங்கிய ஓர் ஆட்சிப் பிரிவு. நம் நாட்டு மாவட்டம் போன்றது, ஆனால் அளவிற் சிறியது. அதன் தலைமையிடம் ஃபார்ம்வில் என்னும் சிற்றூர். அங்கே வெள்ளையரும் வாழ்ந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்களும் வாழ்ந்தனர். வயலில் சேர்ந்து வேலை செய்தனர்; கடைத்தெருவில் ஒரே நாணயத்தை மாற்றிக்கொண்டனர். பள்ளி வாசலில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்தது.

அந்தப் பிரிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. மனிதர் வகுத்தது, சட்டம் போட்டு வகுத்தது. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776இல் விடுதலைச் சாசனம் தீட்டிய ஜெஃபர்சன், வர்ஜீனியாக்காரர். 1779இல் அவரே, பிள்ளைகளுக்கு மூன்றாண்டு இலவசக் கல்வி தரவேண்டும் என்று ஒரு மசோதா எழுதினார். ஆனால், 'சுதந்திரமான' பிள்ளைகளுக்கு என்று அதிலே ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல் அடிமைகளின் பிள்ளைகள் அனைவரையும் வெளியே நிறுத்தியது. அந்த மசோதாவும் அன்று நிறைவேறவில்லை. 1831இல் அதே மாநிலம், கறுப்பின மக்கள் எழுத்துக் கற்கக் கூடுவதையே சட்டவிரோதம் ஆக்கிற்று. ஏன்? எழுத்தறிந்தவன் கேள்வி கேட்பான். கேள்வி கேட்பவன் அடிமையாக நீடிக்கமாட்டான். ஆதிக்கக்காரர்களுக்கு இந்த உண்மை நம்மைவிட நன்றாகவே தெரியும்.

உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, 1870இல் வர்ஜீனியாவில் பொதுப் பள்ளிகள் திறக்கப்பட்டன. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி! 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'தனித்தனியே ஆயினும் சமம்' என்ற தத்துவத்திற்கு முத்திரை குத்திற்று. 1902இல் வர்ஜீனியா புதிய அரசியல் சட்டம் செய்துகொண்டது. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பள்ளியில் பயிலக்கூடாது என்று அதிலே எழுதினர். வாக்குரிமை வேண்டுமா, தலைவரி கட்டு, விண்ணப்பத்தை உன் கையாலேயே எழுதிக் கொடு என்றும் எழுதினர். சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். ஒரு கையால் பள்ளியைக் குறைத்தார்கள். மறு கையால் எழுத்தறிவைக் கேட்டார்கள். படிக்கவிடாமல் தடுத்துவிட்டு, "படிக்காதவனுக்கு வாக்கு எதற்கு?" என்று கேட்பதுதான் ஆதிக்கத்தின் நியாயம்!

'தனித்தனியே ஆயினும் சமம்' எப்படி இருந்தது என்பதற்கு ஃபார்ம்வில் ஊரே சாட்சி. அங்கே கறுப்பின மாணவருக்காக 1939இல் கட்டப்பட்ட உயர்நிலைப் பள்ளிக்கு, டஸ்கெகி கல்வி நிலையத்தின் தலைவராக விளங்கிய ராபர்ட் மோட்டன் பெயரைச் சூட்டினர். 180 பேருக்கென்று கட்டிய இடம். 1951இல் அங்கே படித்தோர் 450க்கும் மேல். இடம் போதாது என்று கேட்டபோது, பள்ளி வாரியம் கட்டிக் கொடுத்தது என்ன? மரச்சட்டத்தின்மேல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகள்! மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்த பிள்ளை வெந்தது. தள்ளி இருந்த பிள்ளை விறைத்தது. அதே ஊர் வெள்ளையர் பள்ளியிலே உடற்பயிற்சிக் கூடம் உண்டு, உணவுக் கூடம் உண்டு, அறிவியல் ஆய்வுக் கூடம் உண்டு. மோட்டன் பள்ளியிலே இவற்றுள் ஒன்றும் இல்லை. சமம் என்ற சொல் ஏட்டிலே இருந்தது. தார்த்தாள் பிள்ளைகளின் தலைக்குமேல் இருந்தது.

பெரியோர் மனுக் கொடுத்துப் பார்த்தனர், காத்திருந்து பார்த்தனர். காத்திருக்க மறுத்தவள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி: பார்பரா ஜான்ஸ். 1951 ஏப்ரல் 23ஆம் நாள், தலைமையாசிரியரை ஒரு பொய்த் தொலைபேசிச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் அனைவரையும் மண்டபத்திலே கூட்டினாள். ஆசிரியர்களை வெளியேறுமாறு கேட்டுக்கொண்டாள். அவர்கள் வேலை போய்விடக் கூடாதே என்ற கவலை. மேடையேறிப் பேசினாள். 450 பேரும் வெளியே நடந்தனர். இரண்டு வாரம் வேலை நிறுத்தம். கட்சி தூண்டியதன்று; வெளியூர்த் தலைவர் வந்து நடத்தியதுமன்று. சிற்றூர் மாணவர்கள் தாமே திட்டமிட்டு, தாமே கட்டுக்கோப்பு வகுத்து நடத்திய கிளர்ச்சி. மாணவருக்கு அரசியல் எதற்கு என்று கேட்போர், இந்த ஏட்டினைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

வெள்ளையரல்லாத மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் வந்தனர். மாணவர் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்கள் சொன்னது வேறு: நல்ல கட்டடம் மட்டும் கேட்டால், நல்ல கட்டடத்திலே ஒதுக்கி வைப்பார்கள், ஒதுக்கி வைப்பதையே எதிர்ப்பதானால் வழக்கை நடத்துவோம் என்றனர். பிள்ளைகளும் பெற்றோரும் இசைந்தனர். உள்ளூர்ப் பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபின் துணை நின்றார். 1951 மே 23இல், 117 மாணவர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1952இல் கீழ்மன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. புதிய கட்டடம் வந்தது, 1953இல் திறந்தார்கள். வழக்கறிஞர்கள் முன்பே சொன்னது மெய்யாயிற்று: கட்டடம் புதிது, கோடு பழையது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வேறு நான்கு வழக்குகளோடு இணைத்து விசாரிக்கப்பட்டது. 1954 மே 17ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாகத் தீர்ப்புரைத்தனர்: பொதுக் கல்வியில் நிறப் பிரிவினை செல்லாது! அந்த ஐந்து வழக்குகளில், மாணவர்களே தொடங்கிய கிளர்ச்சியிலிருந்து பிறந்தது இது ஒன்றே.

தீர்ப்பு வந்தது, திருந்தினார்களா? மறு ஆண்டு அதே மன்றம், தீர்ப்பை எவ்வளவு விரைவில் நடைமுறைப்படுத்துவது என்பதற்கு நெகிழ்வான ஒரு சொற்றொடரை அருளிற்று. ஆதிக்கக்காரருக்கு அந்த நெகிழ்வு போதுமானதாக இருந்தது. செனட்டர் ஹேரி பேர்டு தலைமையில், வர்ஜீனியா 1956இல் 'பெரும் எதிர்ப்பு' என்ற பெயரால் சட்டங்களை அடுக்கிற்று. எந்தப் பள்ளி கறுப்பு மாணவரைச் சேர்க்கிறதோ அந்தப் பள்ளியை மூடு என்பது அவற்றுள் ஒன்று. 1958இல் சில ஊர்களின் பள்ளிகளை மாநில ஆளுநரே மூடினார். 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அதையும் செல்லாது என்று தள்ளின. மற்ற ஊர்கள் முணுமுணுத்துக்கொண்டே திறந்தன. பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி மட்டும் இறுதி ஆயுதத்தை எடுத்தது. செப்டம்பருக்குள் சேர்த்துக்கொள் என்று நீதிமன்றம் ஆணையிட்டதும், 1959 ஜூன் மாதத்தில் அதன் மேற்பார்வையாளர் குழு, பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்கமாட்டோம் என்று முடிவு செய்தது. பணம் இல்லை, ஆகவே பள்ளி இல்லை. பள்ளி இல்லை, ஆகவே பிரிவினையும் இல்லை! என்னே தருக்கம்! தலைவலிக்குத் தலையை வெட்டும் மருத்துவம்! ஆனால் வெட்டுண்ட தலை யாருடையது?

வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று ஆயத்தமாக இருந்தது. தேவாலய அறைகளிலும் பிற கட்டடங்களிலும் வகுப்புகள் தொடங்கின. பொதுப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே சென்றனர். அடுத்த ஆண்டு முதல், கட்டண மானியம் என்றும் வரிச்சலுகை என்றும், பொதுப் பணமே சுற்று வழியில் அந்தத் தனியார் பள்ளிக்குப் பாய்ந்தது. 1961இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. கறுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர் தெருவில் நின்றனர். வறிய வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை இழந்தனர். ஆதிக்கம் தன் இனத்து ஏழையையும் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கறுப்பருக்கும் தனியார் பள்ளி நடத்துகிறோம் என்று வெள்ளையர் சிலர் முன்வந்தனர். வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று! பிள்ளைகளின் படிப்பு பாழாகிறதே என்று நெஞ்சு வேகும்போதும், பிரிவினையை விலையாகக் கொடுத்து வரும் கல்வி வேண்டா என்று மறுத்த பெற்றோரின் உறுதியை நாம் வியக்கிறோம். தேவாலயக் கீழ்த்தளங்களில் கூடங்கள் அமைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தனர். அவற்றைப் பள்ளி என்று அழைக்கவும் மறுத்தனர். பள்ளி தரவேண்டியது அரசின் கடமை, நாம் ஒட்டுப்போட்டு அந்தக் கடமையை மறைத்துவிடக் கூடாது என்பது அவர்கள் கருத்து. சில பிள்ளைகள் வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரிக்குச் சென்றனர். சிலரைக் குவேக்கர் அமைப்பினர் வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தனர். வசதியற்ற பலர் வயலுக்குச் சென்றனர்.

பகுத்தறிவாளர் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. பிரிவினைப் பள்ளிக்கு அறை தந்ததும் தேவாலயம். நீதி கேட்டோர் கூடியதும் தேவாலயம். இரு சாராரும் படித்தது ஒரே வேத நூல். 1963 கோடையில், வெள்ளையர் தேவாலயத்தில் வழிபடச் சென்ற கறுப்பு இளைஞர் கைது செய்யப்பட்டனர். ஆண்டவன் சந்நிதியில் அனைவரும் சமம் என்ற பேச்சு, சந்நிதியின் கதவு சாத்தப்பட்டபோது எங்கே போயிற்று? நூல் ஒன்றாயினும் வழி இரண்டாயிற்று என்றால், வழியை வகுத்தது நூலன்று; நலன். கிரிஃபின் பாதிரியாரை நாம் போற்றுவது அவர் அணிந்த அங்கிக்காக அன்று. அவர் எடுத்த பக்கத்திற்காக.

1963 செப்டம்பரில், நன்கொடையால் 'இலவசப் பள்ளிகள்' திறக்கப்பட்டன. 1959இல் ஆறு வயதாயிருந்த குழந்தை பத்து வயதில் முதன்முதலாக வகுப்பறையைக் கண்டது. 1964 மே 25இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புக் கூறிற்று: தாமதத்திற்கான காலம் தீர்ந்தது, தேவையானால் வரி விதித்தேனும் பள்ளியைத் திறக்குமாறு ஆணையிடலாம் என்றது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய அத்தீர்ப்பு, வழக்காடிய கிரிஃபின் குடும்பத்தின் பெயரால் வழங்குகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன. தனியார் பள்ளியோ, 1986 வரை ஒரு கறுப்பு மாணவரையும் சேர்க்கவில்லை.

பள்ளியை மூடியவர்கள், தாம் நிறவெறியர் என்று ஒப்பினார்களா? இல்லை. வரி செலுத்துவோர் உரிமை என்றனர். உள்ளூர் ஆட்சி உரிமை என்றனர். பெற்றோர் விருப்பம் என்றனர். சொற்கள் அனைத்தும் அழகானவை. எந்த உரிமையைப் பற்றிப் பேசினாலும், அதன் முடிவில் யார் பிள்ளை உள்ளே இருக்கிறது, யார் பிள்ளை வெளியே நிற்கிறது என்று பார்ப்பதே உரைகல். அந்தக் கல்லில் உரைத்தால் அழகிய சொற்களின் மாற்றுத் தெரிந்துவிடும்.

நமக்கும் இதிலே பாடம் உண்டு. வாஷிங்டனில் அந்தத் தீர்ப்பு ஒலித்த 1954 மே திங்களிலேதான், நம் சென்னை மாநிலத்தில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று 1953இல் இராஜாஜி கொணர்ந்த திட்டம், மக்கள் கிளர்ச்சியின் விளைவாகக் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அங்கே பூட்டு, இங்கே பாதிக் கதவு. அங்கே நிறம், இங்கே குலம். ஆயினும் பிறப்பைப் பார்த்துப் படிப்பை அளக்கும் கோல் ஒன்றே.

2003இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அன்று படிப்பிழந்தோருக்கு அவ்வாண்டு மதிப்புறு சான்றிதழ் வழங்கினர். 2004இல் உதவித்தொகைத் திட்டம் வந்தது. முதுமையின் வாசலில் நின்றவர்கள் மீண்டும் புத்தகம் எடுத்தனர். 2020 டிசம்பரில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா சார்பில் நின்ற, அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி லீயின் சிலை அகற்றப்பட்டது. அந்த இடத்திற்குப் பார்பரா ஜான்ஸின் சிலை என்று முடிவாயிற்று. நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்த அவர், அதைக் காண இல்லை.

வருத்தம் நன்று, சான்றிதழ் நன்று, சிலையும் நன்று. ஆனால், எட்டு வயதில் கற்கவேண்டியதை ஐம்பது வயதில் எந்தத் தீர்மானமும் திருப்பித் தராது. களவு போன பொருளை மீட்கலாம். களவு போன பள்ளிப் பருவத்தை மீட்க முடியாது. ஆகவே, பூட்டு விழுந்தபின் வழக்காடுவதைவிட, பூட்டைக் கொண்டுவரும் கையைப் பிடிப்பதே அறிவுடைமை. இந்நாளில் அந்தக் கை இரும்புப் பூட்டோடுதான் வரும் என்பதில்லை. கட்டணமாக வரலாம், தொலைவாக வரலாம், தகுதி என்ற பெயரால் வரலாம், பிள்ளைகள் குறைவு, ஆகவே பள்ளி வேண்டா என்ற கணக்காகவும் வரலாம். எந்த உருவில் வந்தாலும் இளைஞர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: வெளியே நிற்பது யார் வீட்டுப் பிள்ளை?